‘தினமும் ஹிந்து பேப்பர் படி’ என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்காக நடக்கும் எந்த வழிகாட்டி நிகழ்ச்சிக்கும் போய்ப் பாருங்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து கிளாட், கியூட் என்று நுழைவுத் தேர்வுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை தயங்கி எழுந்து, “சார், இங்கிலீஷ் பேசேஜ் வருதே, அதுக்கு எப்படி சார் ரெடி ஆகுறது?” என்று கேட்கும். பதில் தயாராக இருக்கும். “தினமும் ஹிந்து பேப்பர் படிங்க. எடிட்டோரியல் படிங்க. தெரியாத வார்த்தைக்கு டிக்‌ஷனரி பாருங்க. ஆறே மாசத்துல இங்கிலீஷ் தானா வந்துரும்.” கைதட்டல். அடுத்த கேள்வி.

நம் பிள்ளைகளை இவ்வளவு காலம் ஏமாற்றிய பதில் வேறொன்று இருக்காது. சொல்கிறவர் கெட்டவர் அல்ல. பல நேரம் நம் ஆளாகவே இருப்பார். படித்து, வேலைக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்திருப்பார். நல்ல மனதோடு சொல்லப்படுவதால்தான் இந்தப் பதிலை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கணக்குப் போடுவோம். ஒரு தலையங்கம் ஏறத்தாழ ஐந்நூறு சொல். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அதில் ஐந்துக்கு ஒரு சொல் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள் (குறைத்துத்தான் சொல்கிறேன்). நூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் கைபேசியில் அர்த்தம் தேட ஒரு நிமிடம் என்றால் நூறு நிமிடம். அகராதி ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் கொடுக்கும். எது இங்கே பொருந்தும் என்று தெரிய வாக்கியம் புரிய வேண்டும். வாக்கியம் புரிய அந்தச் சொல் தெரிய வேண்டும். முதல் நாள் ரோஷத்தில் முழுதும் முடிப்பான். இரண்டாம் நாள் பாதி. நாலாம் நாள் அந்தப் பேப்பர் வடை எண்ணெய் ஒற்றப் போய்விடும்.

நேரம் போனால் போகட்டும். ‘நமக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது’ என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறதே, அதுதான் நஷ்டம். இதே தீர்ப்பைத்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நம்மீது எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இப்போது நம் பிள்ளையின் வாயாலேயே சொல்லவைக்கிறோம், அதுவும் அறிவுரை என்ற பெயரில்.

மொழி கற்பித்தல் துறையில் பால் நேஷன் என்ற நியூசிலாந்து அறிஞரின் பெயர் முக்கியமானது. அவரும் இன்னொரு ஆய்வாளரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கதைப் பகுதியை யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள 100 சொற்களில் 98 சொற்களாவது வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. எண்பது சொல் தெரிந்தவர்களில் ஒருவர்கூடப் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை. அவர்கள் மந்தமானவர்கள் அல்ல. யாராக இருந்தாலும் அந்த அளவில் புரியாது, அவ்வளவுதான். ஆக, தலையங்கம் யாருக்குப் பயன்படும்? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல் ஏற்கெனவே தெரிந்தவனுக்கு. அதாவது அப்பா அம்மா இருவரும் ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பும் வீட்டில், மழலையர் வகுப்பிலிருந்தே ஆங்கிலக் கதைப் புத்தகங்களோடு வளர்ந்தவனுக்கு. ஏணியின் பத்தாம் படியில் நிற்பவன் பதினோராம் படியில் எப்படிக் கால் வைப்பது என்பதற்கான யோசனை அது. அதைத் தரையில் நிற்பவனுக்குச் சொல்கிறோம்.

இந்தத் தேர்வுகள் என்ன கேட்கின்றன என்று முதலில் பார்ப்போம். நம்மில் பல பேருக்கு இதுவே சரியாகத் தெரியாது.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2020-ல் முகத்தை மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பு தனித்தனிக் கேள்விகள் இருந்தன. பொது அறிவையும் சொற்பொருளையும் மனப்பாடம் செய்து ஓரளவு சமாளிக்கலாம். இப்போது எல்லாமே பேசேஜ். 120 கேள்வி, 120 நிமிடம். ஆங்கிலம் என்ற பகுதியில் இருபத்துச் சொச்சம் கேள்விகள்தான். ஆனால் நடப்பு நிகழ்வு, சட்ட அறிவு, தர்க்கம் ஆகியவையும் ஏறத்தாழ 450 சொல் கொண்ட ஆங்கிலப் பகுதியைப் படித்துத்தான் பதில் எழுத வேண்டும். கணக்குக்கும் சின்னதாக ஒரு பத்தி உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு மணி நேரத்தில் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் சொல்வரை படித்து, புரிந்து, விடையும் குறிக்க வேண்டும். சட்டத் தேர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசிப்பு வேகத் தேர்வு என்பதே பொருத்தமான பெயர்.

இது ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் நம் மாநில அரசு நிலம் கொடுத்து, சட்டம் போட்டு உருவாக்கிய தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரவும் இதைத்தான் எழுத வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், நமக்குப் பெரிய மனது வைத்து 3,500. இந்தியப் பட்டியல்களில் உள்ள மற்ற மொழிகளிலும் கிளாட் நடத்த வேண்டும் என்று கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2023-ல் இந்திய பார் கவுன்சிலே அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. தேர்வு நடத்தும் கூட்டமைப்புதான் நடைமுறைச் சிக்கல் என்று சொல்லித் தள்ளிப்போட்டது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வு 2022-ல் வந்தது. இதில் ஒரு விஷயத்தைக் கொட்டை எழுத்தில் சொல்லியாக வேண்டும்: கியூட் தமிழிலும் நடக்கிறது. 13 மொழிகளில் தமிழும் ஒன்று. மொழித் தாளாகத் தமிழை எடுக்கலாம், பாடத் தாளையும் தமிழில் எழுதலாம். எத்தனை பள்ளியில் இதைச் சொல்கிறார்கள்? விண்ணப்பம் போட உட்காரும் பிரவுசிங் சென்டர்காரர் ‘இங்கிலீஷ்’ என்பதை டிக் செய்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார். ஆனால் டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும் என்றால் ஆங்கிலத் தாளிலிருந்து தப்ப முடியாது. 60 நிமிடத்தில் 50 கேள்வி. சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண் கூடும், தப்பு விடைக்கு ஒன்று குறையும். ஆங்கில இலக்கியத்தை நம் பிள்ளை ஏன் படிக்கக் கூடாது?

இங்கே சிலர் எழுந்து நிற்பார்கள். ‘தமிழ் மண்ணில் பிறந்தவன் ஏன் ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டும்? இந்தத் தேர்வுகளையே ஒழிக்க வேண்டாமா?’ ஒழிக்க வேண்டும்தான். கியூட் வேண்டாம் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் தீர்மானம் போட்டபோது நாமும் வரவேற்றோம். கிளாட் தமிழிலும் நடக்க வேண்டும் என்ற கோரிக்கையை விடவே போவதில்லை. ஆனால் தீர்மானம் போட்ட பிறகும் ஒவ்வொரு வருடமும் தேர்வு நடக்கிறது. அதில் இடம் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். மொழிப்பற்றை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளும் பாகப்பிரிவினைக்கு நாம் கையெழுத்துப் போட முடியாது.

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டபோது ஆசிரியர் கற்றுத்தர மறுத்தார். வேறு வழியின்றிப் பாரசீகம் எடுத்தார். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு காவலாளி வாசலில் நிற்கவில்லை. அதனால்தான் சாவித்திரிபாய் பூலே 1854-லேயே ஆங்கிலம் கற்கச் சொல்லிக் கவிதை எழுதினார். அதனால்தான் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 2010-ல் ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோயில் கட்டக் கிளம்பினார்கள். கோயில் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதன் பின்னால் இருந்த ஏக்கம் புரிகிறது.

தேர்வு என்பது நடுநிலையான தராசு என்று நம் முன்னோர்கள் ஒருநாளும் நம்பியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று 1893-ல் காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசன் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கி, வேண்டாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இன்றைக்கு அதைத் தேசத் துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் கேட்ட கேள்வி வேறு. இந்தத் தேர்வில் யார் ஜெயிப்பார்கள்? ஜெயித்து வந்து நம்மீது எப்படி அதிகாரம் செய்வார்கள்? கேள்வித்தாளைப் பார்ப்பதற்கு முன்னால் தேர்வறைக்குள் யாரெல்லாம் நுழைய முடிந்தது என்று பார்க்கச் சொன்னவர் அவர்.

இப்போது ‘மெரிட்’ பேசுகிறவர்களுக்கு வருவோம். “பேசேஜ்லயே விடை இருக்கு. படிச்சுப் பார்த்து எழுத வேண்டியதுதானே? இதுல சாதி எங்க வந்துச்சு?” என்கிறார்கள்.

1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறன் குறைவு என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். படித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்று தனியாக ஒன்று மண்டைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. எதைப் பற்றிப் படிக்கிறோமோ அதைப் பற்றி முன்பே என்ன தெரியும் என்பதில்தான் பாதி இருக்கிறது. கபடி ஆட்டத்தை ஆங்கிலத்தில் வர்ணித்து ஒரு பேசேஜ் கொடுங்கள். போனஸ் கோடு எது, ரெய்டு போனவன் ஏன் அவுட் என்று நம் பையன் பாதிச் சொல் தெரியாமலேயே சொல்லிவிடுவான்.

ஆனால் தேர்வில் கபடி வருவதில்லை. ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம், பருவநிலை ஒப்பந்தம், ஐரோப்பிய நாவல், பங்குச் சந்தை என்றுதான் பேசேஜ்கள் வந்து நிற்கின்றன. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசப்படும் விஷயங்கள் இவை. நம் வீட்டிலும் பேச்சு உண்டு. கரும்பு வெட்டப் போக வாங்கிய அட்வான்ஸ், நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது ஏறும், வன்கொடுமைச் சட்டத்தில் 3(1)(ஆர்) போட இன்ஸ்பெக்டர் ஏன் மறுக்கிறார். கடைசியாகச் சொன்னது அசல் சட்ட அறிவு. எங்கள் பகுதியில் பத்தாவது படிக்கும் ஒரு பெண் எஃப்.ஐ.ஆருக்கும் சி.எஸ்.ஆருக்கும் உள்ள வித்தியாசத்தை மூச்சுவிடாமல் விளக்குவாள், ஏனென்றால் அவள் அண்ணன் வழக்கு அப்படி. இது எந்த ‘லீகல் ரீசனிங்’ பகுதியிலும் மதிப்பெண்ணாக மாறுவதில்லை.

அனுமானக் கேள்வி, எழுத்தாளரின் தொனி என்ன என்ற கேள்வி, இவைதான் கஷ்டம் என்று கோச்சிங் சென்டர்கள் பயமுறுத்துகின்றன. எனக்குச் சிரிப்பு வரும். சொல்லாததைப் புரிந்துகொள்வதில் சேரிப் பிள்ளையைவிடத் தேர்ந்தவர் யார்? டீக்கடையில் எந்தக் கிளாசில் டீ வருகிறது என்பதை வைத்து அந்த ஊரின் முழு வரலாற்றையும் அனுமானிக்கிறவர்கள் நாம். “அடடே, நீங்கள்லாம் படிச்சுக் கலெக்டரா வரணும்ப்பா” என்று ஒருவர் சொன்னால், அது வாழ்த்தா, நக்கலா, எரிச்சலா என்று ஆறு வயதிலேயே நமக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் பிழைக்க முடியாது. பாரபட்சமில்லாததுபோல எழுதப்பட்ட ஒரு பத்திக்குள் யாருடைய பக்கம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் நமக்கு உண்டு. ஆங்கிலம்தான் நடுவில் நிற்கிறது. அறிவு இல்லை என்பது பொய்.

சும்மா பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் இவ்வளவு பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. தேர்வு மொழியில் ஒரு கேள்வி கேட்போம்: ‘மேற்கண்ட பகுதியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத முன்முடிவு எது?’ நம் பிள்ளை நாலு ஆப்ஷனும் பார்க்காமலேயே விடை சொல்லும். ஆனால் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது. இன்றும் வன்கொடுமை வழக்கில் குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்த உத்தரவு கையில் வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி ஒரு குடும்பம் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. படித்துச் சொல்லும் ஆள் நம் தெருவிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில், பரீட்சைக்கு வராத ஒரு பக்க ஆங்கிலத்தைக் கதைக்காகப் படித்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். “அஞ்சு பாரா மனப்பாடம் பண்ணு, பாஸ் ஆயிடலாம்” என்பதுதான் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் கிராமத்து அரசுப் பள்ளியிலும் நம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பாடத்திட்டம். தேர்ச்சி சதவீதம் ஏறுகிறது, பேனர் கட்டுகிறார்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறந்தார்கள். பல இடங்களில் மனப்பாடம் ஆங்கில வழியில் தொடர்கிறது. ஆசிரியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. காலியிடத்தை நிரப்பாமல், ஒரே ஆசிரியரை மூன்று வகுப்புக்கு ஓடவிட்டு, ரிசல்ட் மட்டும் கேட்கும் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

சரி, ஹிந்து பேப்பர் வேண்டாமென்றால் எதைப் படிப்பது? மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாங்கள் செய்து பார்த்ததில் பலன் கொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் கீழே இறங்குங்கள், வெட்கப்படாமல். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் படக்கதைகள் இலவசம். நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். முதலில் தமிழில் படி, பிறகு அதையே ஆங்கிலத்தில் படி. பதினேழு வயசுப் பையன் யானைக் கதை படிப்பதா என்று முகம் சுளிப்பான். வசதியான வீட்டுப் பிள்ளை இதை நாலு வயதில் முடித்துவிட்டது, நமக்கு யாரும் வாங்கித் தரவில்லை, இப்போது எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் சுளிப்பு போய்விடும். நிறுத்தாமல், அகராதி தொடாமல், பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல் மட்டும் தெரியாத புத்தகமாகப் பார்த்து நிறையப் படிப்பதுதான் கணக்கு. கஷ்டமானது ஒரு பக்கத்தைவிட, சுலபமானது முப்பது பக்கம் மேல்.

அடுத்து, தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். அந்த பேஸ்பால் சோதனை சொல்வது இதைத்தான். அம்பேத்கர் 1935-36 வாக்கில் எழுதிய ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ சின்னப் புத்தகம், நேரான ஆங்கிலம். சிறுவனாக அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகும்போது வண்டிக்காரன் ஏற்ற மறுப்பதும், தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி கழிவதும் நம் பிள்ளைக்குத் தமிழிலும் தெரியும், வாழ்க்கையிலும் தெரியும். சொல் தெரியாத இடத்தில் அனுபவம் வந்து அர்த்தம் சொல்லும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்த புத்தகம் அது. தேர்வுக்குப் பயன்படாதோ என்ற கவலை வேண்டாம். தலையங்கமெல்லாம் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் வரட்டும், அதுவும் அன்றைக்குத் தமிழில் படித்துத் தெரிந்துகொண்ட செய்தியைப் பற்றியதாக.

வாக்கிய அமைப்பை யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ் வழிப் பிள்ளை இடறி விழும் இடம் பெரும்பாலும் அதுதான். ‘நாடாளுமன்றம் 1989-ல் இயற்றிய சட்டம் காவல் நிலையத்தில் செத்துக் கிடக்கிறது’ என்று நாம் சொல்வோம். விவரமெல்லாம் முன்னால், வினை கடைசியில். ஆங்கிலம் இதைத் தலைகீழாகப் போடும்: ‘சட்டம், எதை இயற்றியதோ நாடாளுமன்றம் 1989-ல், கிடக்கிறது செத்து, காவல் நிலையத்தில்.’ ‘விச்’, ‘தட்’, ‘ஹூ’ வந்தால் முன்னால் நிற்கும் பெயரைப் பற்றி ஒரு கிளைக்கதை தொடங்குகிறது என்று அர்த்தம். பென்சிலால் அந்தக் கிளைக்கதையை அடைப்புக்குள் போடு; மீதியைப் படி; யார், என்ன செய்தார் என்று இரண்டு சொல்லில் தமிழில் சொல். தினம் பத்து வாக்கியம் இப்படிப் பிரித்தால், இரண்டு மாதத்தில் நீள வாக்கியத்தைக் கண்டு நடுங்குவது நின்றுவிடுகிறது. கூடவே ‘ஹவெவர்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’, ‘ஹார்ட்லி’ மாதிரி இருபது முப்பது சொற்கள். பேச்சு திரும்பும் இடத்தில் நிற்கும் சொற்கள் இவை. ‘ஹார்ட்லி’யை ‘கடினமாக’ என்று படித்தால் வாக்கியமே எதிர்ப்பக்கம் போய்விடும்.

தனியாகப் படிக்காதீர்கள். நாலு பேர் வட்டமாக உட்காருங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறவரை எழுப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை எது என்பதைவிட மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று தமிழில் சண்டை போடுங்கள். புரிதல் எந்த மொழியில் நடந்தாலும் புரிதல்தான். வேகம், ஸ்டாப்வாட்ச், மாக் டெஸ்ட் எல்லாம் கடைசி இரண்டு மாத வேலை. கோச்சிங் சென்டர்கள் முதல் நாளே அதில்தான் தொடங்குகின்றன, ஏனென்றால் அவர்களிடம் காசு கட்டுகிற பிள்ளைக்கு முன்கட்டம் வீட்டிலேயே முடிந்திருக்கிறது.

மைனஸ் மார்க் பற்றி ஒன்று. ‘தெரியாததைத் தொடாதே’ என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் முப்பது கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள். கியூட்டில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே நாலு கேள்விக்கு சராசரியாக ஒன்று சரி: ஐந்து கூடும், மூன்று குறையும், மிச்சம் இரண்டு. கிளாட்டில் சரிக்கு ஒன்று, தப்புக்குக் கால். நாலு ஆப்ஷனில் ஒன்றை நிச்சயம் தப்பு என்று தள்ள முடிந்தால் மீதி மூன்றில் குறிப்பது லாபம்தான். தப்பு செய்தால் அடி விழும் என்று வளர்க்கப்பட்டவர்கள் காலியாக விடுவார்கள். தப்பு செய்தாலும் தாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்று வளர்ந்தவர்கள் துணிந்து குறிப்பார்கள். இந்த வித்தியாசமும் ரேங்க் பட்டியலில் ‘திறமை’ என்றே அச்சாகும்.

நாமே செய்துகொள்வதால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஷம்னாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐடியா அமைப்பு ஏழைப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பயிற்சி கொடுத்து தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குள் அனுப்பிக் காட்டியது. தனியார் அமைப்பு ஒன்றால் முடிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நல விடுதிகளை வைத்திருக்கும் துறையால் ஏன் முடியவில்லை? விடுதியில் பிள்ளைகள் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாதது நிலை வாரியான இருநூறு புத்தகம், ஒழுங்கான இணைய வசதி, வாரம் மூன்று நாள் வந்து கூட உட்காரும் ஓர் ஆசிரியர். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வுகளின் பட்டியலைக் காட்டுவதோடு நிறுத்தாமல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்த வாசிப்பைத் தொடங்கச் சொல்லி மனு கொடுப்போம். கிளாட் கட்டணத்தைத் துறையே கட்ட வேண்டும். கியூட்டைத் தமிழில் எழுதலாம் என்ற செய்தி ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

கிளாட் டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறது. ஜூனில் தொடங்கினால் ஆறு மாதம், பத்தாம் வகுப்பு முடித்தவுடன் தொடங்கினால் ஒன்றரை வருடம். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற நாலு பேரை இந்த வாரமே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கே ஆங்கிலம் தகராறு என்றால் இன்னும் நல்லது, சேர்ந்து படிக்கலாம். இரண்டு பேர் கைபேசி, ஒரு பென்சில், சமுதாயக் கூடத்துத் திண்ணை போதும். முதல் நாளைக்கு அந்த வண்டிக்காரன் வரும் பகுதி. மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.